மலைமேல் வீட்டு அலுவலகமும் இணைய இணைப்பும்

(ஏற்காட்டில் ஊராட்சி உறுப்பினர்களும் காப்பி விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலைக்கிராமங்களுக்கு அலுவலர்கள் வந்தால் மக்கள் கேட்பவை ஒரு காலத்தில் மூன்றாக இருந்தன: சாலை, தண்ணீர், விளக்கு. இப்பொழுது நான்காவதாக ஒன்றைக் கேட்கின்றனர். அதுவே இணைய இணைப்பு. முன்னைய மூன்றையும் அரசும் ஊராட்சியும் அமைத்துத் தந்தன. இந்த நான்காவதையோ பெரும்பாலும் ஒவ்வொரு குடும்பமும் தானே தேர்ந்தெடுத்து, தன் பணத்தைக் கொடுத்துப் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொள்வது ஒரு தேவையாகிவிட்டது. அதைப் பற்றிச் சில கருத்துக்களைக் கூறவே இன்று உங்கள் முன் வந்துள்ளோம்.

“இணையம் சேலத்துக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் உரியது, காப்பியும் மிளகும் பயிரிடும் நமக்கு எதற்கு?” என்று எண்ணுவோர் இருக்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபொழுது அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. வெளியூர்களில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் பலர் கணிப்பொறியுடன் மலையேறி வந்தனர். அதே ஆண்டு நவம்பரில் மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை, வெளிச்சேவை நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்தும் வேறு எவ்விடத்திலிருந்தும் பணி செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய வேலைகள் நம் மலையடிவாரம் வரை வந்துவிட்டன. வீட்டில் நல்ல இணைப்பு ஒன்று அமைந்தால், படித்த பெண்ணொருத்தி பெற்றோரை விட்டுப் பிரியாமல், தோட்டத்தையும் கவனித்துக்கொண்டு, மாதச் சம்பளமும் பெற முடியும். இணைப்பு பழுதானால் அந்தச் சம்பளமும் போய்விடும். இதில் இருப்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஓர் இளைஞரின் அனுபவம்

நாம் நன்கு அறிந்த இளைஞர் ஒருவர் இம்மலைக் கிராமமொன்றில் இருந்துகொண்டே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதும் வேலையைச் செய்து வந்தார். விநாடிக்கு 200 மெகாபிட் வேகம் என்று விளம்பரம் செய்த நிறுவனமொன்றில் இணைப்புப் பெற்றார். ஓராண்டுப் பணத்தை முன்னதாகவே கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றனர், கட்டிவிட்டார். கோடை வரையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மழை வந்தது, மரக்கிளை முறிந்து கம்பி அறுந்தது. பழுதுபார்ப்பவர் அடிவாரத்திலிருந்து வந்து சேர நான்கு நாட்களாயின. இது போதாதென்று அவர் இரண்டாவது நிறுவனமொன்றிலும் இணைப்பு வாங்கினார். அடுத்த பெருமழையில் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. பிறகுதான் தெரிந்தது, இரு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே வழியில், ஒரே கம்பங்களின்மேல், ஒரே மரங்களின் கீழ் வந்திருக்கின்றன என்பது. மூன்று முறை மாதக் கணக்கை உரிய நாளில் முடித்துக்கொடுக்க இயலாமையால் அவர் அந்த வேலையை இழந்தார்.

அவர் சோம்பேறியல்லர், கணக்கில் வல்லவர். நிறுவனங்களின் பெயரைச் சொல்வதால் பயன் ஏதுமில்லை. அவர் வேகத்தையும் விலையையும் பார்த்தாரேயன்றி, கம்பி வரும் வழியைப் பார்க்கவில்லை. ஆழமறியாமல் காலை விட்ட கதைதான். அந்தத் தவறு மற்றொருவருக்கு நேராமலிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

தோட்டத்திற்கு உரம் வாங்குமுன் மண்ணின் தேவையை அறிகிறோம். அதுபோல இணைப்பு வாங்குமுன் வீட்டின் தேவையை அறிய வேண்டும். வேகத்தை விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று அளக்கின்றனர். கோப்புகளின் அளவையோ மெகாபைட் என்று கூறுகின்றனர். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆதலால் 100 மெகாபிட் இணைப்பில், முழு வேகமும் கிடைத்தால், விநாடிக்கு 12.5 மெகாபைட் வந்து சேரும். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

தெளிவான படத்துடன் காணொலிக் கூட்டம் ஒன்றில் ஒருவர் கலந்துகொள்ள ஏறத்தாழ 4 மெகாபிட் போதும். வீட்டில் இருவர் வேலை செய்கின்றனர், ஒரு பிள்ளை பாடம் கேட்கிறது என்று கொண்டால் 12 மெகாபிட். கோப்பு அனுப்புதல், மற்றவர்களின் கைப்பேசி ஆகியவற்றையும் சேர்த்து இருமடங்குக்கு மேல் வைத்துக்கொண்டாலும் 30 அல்லது 40 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 200, 300 என்ற எண்கள் காதுக்கு இனிமையாக இருக்கலாம். அவற்றிற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மின்சேமிப்புக் கலத்திற்குச் செலவிடுவது நமக்கு மிகுந்த நன்மை தரும்.

இறங்கும் வேகத்தை மட்டும் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ஏறும் வேகம், அதாவது நாம் அனுப்பும் வேகம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். 750 மெகாபைட் அளவுள்ள கோப்பொன்றை 40 மெகாபிட் ஏறுவேகத்தில் இரண்டரை நிமிடத்தில் அனுப்பலாம். 5 மெகாபிட்டில் அனுப்ப 20 நிமிடம் ஆகும். படம் பார்ப்போருக்கு இறங்குவேகமே போதும். வேலை செய்வோருக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவது ஒன்று தாமதம். நாம் அனுப்பிய செய்தி சென்று விடை திரும்ப ஆகும் நேரத்தை மில்லி விநாடியில் அளக்கின்றனர். அது 50-க்குள் இருந்தால் நன்று. 150-ஐ வெகுவாகத் தாண்டினால் உரையாடலில் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழும்.

அரசு எதை அகன்ற அலைவரிசை என்று ஏற்கிறது என்பதும் அறியத் தக்கது. 2004-ஆம் ஆண்டில் விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அப்பெயர் தரப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் குறைந்த அளவு 2 மெகாபிட் என்று உயர்த்தப்பட்டது. எனவே அப்பெயர் ஒன்றைக் கேட்டே மனநிறைவு கொள்ளலாகாது. அளவைக் கேட்க வேண்டும்.

நான்கு வழிகள்

மலைமேல் இணைப்பு வந்து சேரும் வழிகள் நான்கு. முதலாவது கண்ணாடி இழை. தலைமயிர் போன்ற மெல்லிய இழையினூடே ஒளி சென்று செய்தியைச் சுமக்கிறது. பழைய செம்புக்கம்பியில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளினாலே இணைய வேகம் சுருங்கிவிடும். கண்ணாடி இழையோ வீடுகளுக்குத் தரும் முறையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை சோர்வின்றிச் செல்லும். இம்முறையில் ஓரிழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். ஆதலால் இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா வீடுகளிலும் படம் ஓடத் தொடங்கியதும் வேகம் குறையக்கூடும். இக்குறை இருப்பினும், கம்பி வரும் இடங்களில் வீட்டு அலுவலகத்திற்கு முதல் இடம் கண்ணாடி இழைக்கே.

இரண்டாவது வழி கைப்பேசிக் கோபுரத்தின் அலை. 2023-ஆம் ஆண்டு முதல், ஐந்தாம் தலைமுறை அலையை வீட்டுக்கூரையில் பெட்டி வைத்து வாங்கித் தரும் சேவையையும் நிறுவனங்கள் நடத்துகின்றன. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் உள்நாட்டில் உருவாக்கிய நான்காம் தலைமுறைக் கருவிகளுடன் அமைத்த சேவை 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் அலைக்கு மலை தடை. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் மேட்டு வீட்டில் ஓடுவது, நூறு கெஜம் கீழே பள்ளத்து வீட்டில் ஓடாது. அடர்ந்த சில்வர் ஓக் மரங்களும் நனைந்த இலைகளும் அலையை உறிஞ்சும். எவ்விடத்தில் எந்த அலை கிடைக்கும் என்பதைக் காட்டும் படங்களைக் கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் இணையத்தளங்களில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டில் விதி செய்திருக்கிறது. அப்படத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில், வேலை செய்யப்போகும் அறையில் நின்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, உள்ளூர் நிறுவனத்தார் ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சிக்கு நேர்க்கோட்டில் அனுப்பும் கம்பியில்லா இணைப்பு. இருமுனையும் ஒன்றையொன்று காணும் தூரத் தோட்டங்களுக்கு இது உதவும். இடையில் வளரும் மரமும், மின்னலும், முனையில் உள்ள கருவிக்கு மின்சாரம் இல்லாமையும் இதற்குப் பகை.

நான்காவது, செயற்கைக்கோள். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைக் கோள் வழியாகச் செய்தி சென்று விடை திரும்ப ஏறத்தாழ அரை விநாடி ஆகும். ஆதலால் அது காணொலிக் கூட்டத்திற்கு இடைஞ்சலாக இருக்கும். 550 கிலோமீட்டர் போன்ற தாழ்ந்த உயரத்தில் சுற்றும் புதிய வகைக் கோள்களில் இக்குறை பெரிதும் இல்லை. அவ்வகைச் சேவை நடத்தும் ஸ்டார்லிங்க் நிறுவனத்திற்கு 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மைய அரசு உரிமம் வழங்கியது. எந்நிறுவனமாயினும் உங்கள் ஊருக்குச் சேவை உண்டா, கருவிக்கும் மாதத்திற்கும் விலை என்ன என்பதை வாங்கும் நாளில் விசாரித்தறிக. திறந்த வானம் தெரியும் இடம் வேண்டும் என்பதையும் மறவற்க.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

விற்பனையாளர் வீட்டிற்கு வந்து அமர்ந்ததும், விலையைக் கேட்குமுன் இவ்வாறு கேட்க வேண்டும்.

முதலாவது: “உங்கள் கம்பி எந்த வழியாக மலையேறுகிறது?” ஏற்காட்டிற்கு இரண்டு மலைப்பாதைகள் உள்ளன என்பது நீங்கள் அறிந்ததே. ஒன்று கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவது. மற்றொன்று குப்பனூர் வழியாக வருவது. எந்தப் பாதை, பூமிக்கடியிலா, கம்பத்தின்மேலா, மரத்தின்மேலா என்று தெளிவாகக் கேளுங்கள்.

இரண்டாவது: “பழுதுபார்ப்பவர் எங்கே குடியிருக்கிறார்?” மலைமேலேயே ஓர் ஆளும், அறுந்த இழையை ஒட்டும் கருவியும் இருக்கும் நிறுவனத்திற்கு நூற்றுக்கு அறுபது மதிப்பெண் கொடுத்துவிடலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது இம்மலையில் பெருமழை பெய்து, பாதையில் மண் சரிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாளில் அடிவாரத்திலிருந்து யார் வருவார்?

மூன்றாவது: “வேகம் இத்தனை ‘வரை’ என்கிறீர்களே, குறைந்தது எவ்வளவு?” அந்த ‘வரை’ என்ற சிறு சொல்லில்தான் சூது இருக்கிறது. குறிப்பிட்ட அளவு பயன்படுத்திய பின் வேகம் குறைக்கப்படுமா, எவ்வளவுக்கு என்பதையும் கேட்க.

நான்காவது: “எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு?” விளம்பரத்தில் உள்ள தொகையின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. பொருத்தும் கூலி, பெட்டிக்கு வைப்புத்தொகை, விலகும்போது அது திரும்புமா ஆகியவற்றை எழுத்தில் பெறுக.

ஐந்தாவது: “மாதாமாதம் கட்டலாமா?” ஒரு மழைக்காலத்தைக் காணாமல் ஓராண்டுப் பணத்தை முன்னதாகக் கட்டுவது நல்லதன்று.

ஆறாவது கேள்வி விற்பனையாளரிடம் கேட்பதன்று. பக்கத்து வீட்டாரிடம் கேட்பது. “சென்ற ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் நின்றது?” சேலம் நகரத்தில் இருக்கும் மைத்துனர் சொல்லும் சான்று இதற்குப் பயன்படாது. நாகலூரில் இருப்பவர் நாகலூரில் கேட்க வேண்டும். மாரமங்கலத்தில் இருப்பவர் மாரமங்கலத்தில் கேட்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் ஓடும் என்று ஒருவர் சொன்னால் அது பெருமையாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், மாதத்தில் 7 மணிக்கு மேற்பட்ட நேரம் நிற்கும் என்பதே அதன் பொருள். அந்த 7 மணி நேரம் வேலை முடிக்க வேண்டிய நாளில் வந்தால் என்ன ஆகும்?

இணைப்பு வந்த முதல் வாரத்தில் காலை பத்து மணிக்கும், மாலையிலும், இரவு ஒன்பது மணிக்கும் இறங்குவேகம், ஏறுவேகம், தாமதம் மூன்றையும் சோதித்துப் பால்கணக்குப் போல ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் முறையிட நேர்ந்தால் அந்தக் குறிப்பேடே உங்கள் சாட்சி.

இரண்டாம் வழியும் மின்சாரமும்

சம்பளம் இணைப்பை நம்பியிருக்குமானால் இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டாவது நிறுவனம் என்று நாம் கூறவில்லை. இரண்டாவது வழி என்கிறோம். வீட்டிற்குக் கண்ணாடி இழை வந்தால், துணைக்குக் கைப்பேசி அலை இருக்கட்டும். அந்தக் கோபுரத்திற்குக் கீழிருந்து வரும் கம்பி எந்தப் பாதையில் வருகிறது என்பதையும் விசாரியுங்கள். ஒரே இழையை நம்பி வீடும் கோபுரமும் இருக்குமானால், இழை அறுந்தால் இரண்டும் சேர்ந்தே மௌனமாகிவிடும். துணை இணைப்புக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. இரண்டொரு நாளை ஓட்டும் அளவு போதும்.

அடுத்தது மின்சாரம். பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் செம்புக்கம்பி வழியாக நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கணைந்தாலும் மணி அடித்தது. கண்ணாடி இழை ஒளியை மட்டுமே சுமக்கும். வீட்டிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் நின்றால் இணைப்பும் நின்றுவிடும். அப்பெட்டி மிகக் குறைந்த மின்சாரமே உண்பதால் சிறு சேமிப்புக் கலமொன்று பல மணி நேரம் தாங்கும். இடியும் மின்னலும் வரும் வேளையில் செருகியைப் பிடுங்கி, கலத்தில் ஓட்டுவது கருவிக்கும் காவல்.

ஊராட்சி செய்யக்கூடியது

இனி ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் 2011-ஆம் ஆண்டில் மைய அரசால் ஏற்கப்பட்டு, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதற்கு 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் நிறுவப்பட்டது. உங்கள் ஊராட்சியில் இது எந்நிலையில் இருக்கிறது? கருவிகள் வைத்த அறைக்கு மின்சாரம் உண்டா? சாவி யாரிடம்? கருவியின் விளக்கு எரிகிறதா? இவற்றை மாதம் ஒருமுறையேனும் பார்ப்பது உறுப்பினரின் கடமையாகும். கருவியைத் தந்தது அரசாயினும், காப்பது நாமே. ஊராட்சி வரை வந்த இழையிலிருந்து வீடுகளுக்குக் கிளை தருவோர் யார் என்பதையும் கேட்டறிந்து கிராமசபையில் சொல்லுங்கள்.

2023-ஆம் ஆண்டில் மைய அரசு ஏற்ற திருத்திய பாரத்நெட் திட்டத்தில், இழையை ஒரே கோடாக இழுத்துவிடாமல் வளையமாக அமைப்பது என்று வகுத்துள்ளனர். வளையத்தில் ஓரிடத்தில் அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சுற்றி வந்து சேரும். இரண்டு சாலைகள் உள்ள நம் மலைக்கு இது எத்துணைப் பொருத்தமானது! ஒரு சாலையில் மட்டும் நம்பிக்கை வைக்காமல், இரு சாலைகளின் வழியாகவும் இழை வந்து மலைமேல் இணைய வேண்டும் என்று ஊராட்சிகள் ஒன்றுகூடித் தீர்மானம் செய்து ஒன்றியத்தின் வழியாக மேலே அனுப்பலாம். தனியொரு வீட்டாரால் ஆகாத செயல் இது. ஊராட்சிகள் சேர்ந்தால் ஆகும்.

நிறுவனங்கள் கம்பி இழுக்க இடம் கேட்டு வருகையில், 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள வழியுரிமை விதிகளை மனத்திற்கொண்டு காலந்தாழ்த்தாமல் முடிவு செய்க. அதே வேளையில், மரத்தில் கட்டாமல் கம்பம் நட வேண்டும், தோண்டிய சாலையை மூட வேண்டும், கம்பி செல்லும் வழியின் வரைபடம் ஒன்றை ஊராட்சிக்குத் தர வேண்டும் என்று கேளுங்கள். அவ்வரைபடங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருந்திருந்தால், நாம் முன்பு கூறிய இளைஞர் ஒரே வழியில் வரும் இரண்டு இணைப்புகளை வாங்கியிருக்கமாட்டார்.

முறையிடும் வழி

பழுதானால் நிறுவனத்தின் குறைதீர் மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, குறிப்பேட்டில் எழுதுக. எண்ணில்லாத புகார் காற்றோடு போய்விடும். அங்கே தீராவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் பயனில்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்திற்குச் செல்லலாமா என்ற ஐயத்தை உச்சநீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்த்து, செல்லலாம் என்று தீர்ப்பளித்தது. வழிகேட்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

நண்பர்களே, ஒரு காப்பிச் செடியை நடும்போது நிழல்மரம் எது, நீர் எங்கே, காற்று எத்திசை என்று பார்த்துத்தான் நடுகிறோம். கன்றின் விலை குறைவென்று மட்டும் பார்த்து எவரும் நடுவதில்லை. இணைப்பிற்கும் அத்தகைய விசாரணையே வேண்டும். வழியைக் கேளுங்கள், ஆளைக் கேளுங்கள், அயலாரைக் கேளுங்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள்.

அந்த இளைஞர் இப்பொழுது வேறொரு வேலையில் இருக்கிறார். மலையில் அன்று, சேலத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு. அவருடைய பெற்றோர் மேலே தனியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கின்றனர். கிராமத்தில் நல்ல இணைப்பு அமைந்தால் திரும்பிவிடுவேன் என்று அவர் கூறுகிறார். அந்த நாளை விரைவில் கொணர்வது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கிராமசபையிலேயே இதற்கான தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, எமது உரையை முடித்துக்கொள்கிறோம்.